தேய்க்கக் கூடாத கறுப்பு

ஐம்பதுகளின் நடுவில், மதுரையிலிருந்து ரயில் மறுபடியும் போடிவரை வரத் தொடங்கியிருந்த சமயத்தில், என் மச்சான் ஒரு கார் வாங்கினார். மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தோட்டம். மலையை விட்டுப் போன ஓர் எஸ்டேட்காரரிடமிருந்து வாங்கிய பழைய கார் அது. வாங்கும்போது அதன் நிறம் என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. மதுரைக்கு அனுப்பி, பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, கறுப்பு அடித்துக் கொண்டுவந்தார். வந்த அன்று தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று கதவில் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் அப்போது மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் போடிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏலக்காய் விலை, மலைப்பாதையில் மண் சரிவு, மாட்டைச் சிறுத்தை அடித்தது. எதுவானாலும் நான்கு வரிக்கு மேல் போடமாட்டார்கள். ஆகையால் எனக்கு நேரம் நிறைய இருந்தது. அதில் பெரும்பகுதி மச்சானின் கடையில் கழிந்தது.

கார் வந்த கொஞ்ச நாளில் மச்சானின் தங்கைக்கு மதுரையில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்திருந்தார். மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வழுக்கைத் தலை, அதற்கு ஈடுகட்டுவதுபோல் பெரிய மீசை. பேச்சை ஆரம்பித்தால் அவர்தான் முடிப்பார்.

"போடியில ஜீப்பு உண்டு, லாரி உண்டு. காருன்னு ஒண்ணு இருந்தாலும் அது மண்ணு கலர்லதானே இருக்கும்? மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்க மதுரையிலருந்தே காரோட வந்துடுறோம் தம்பி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார்.

மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வருவது பெண் வீட்டாரின் வேலை. அவர்களே வண்டியோடு வந்து இறங்குவதென்றால், பந்திக்கு வந்தவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்ப்பது மாதிரி.

மச்சான் வெற்றிலையை மென்று முடித்தார். "நீங்க ரயில்ல வாங்க மாமா. டேசன்லருந்து எங்க காரு கூட்டிட்டு வரும். கறுப்புக் காரு. அதுல முகம் பாத்து நீங்க தலை சீவிக்கலாம்."

"எனக்குத் தலையில சீவுறதுக்கு என்ன இருக்கு?"

"மீசை இருக்குல்ல. முறுக்கிக்கோங்க."

"முகம் தெரியலேன்னா?"

"தெரியலேன்னா மாப்பிள்ளையை நானே தோள்ல தூக்கிட்டு வர்றேன்."

எல்லாரும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நல்ல கனமான ஆள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் சொன்னது சொன்னதுதான். கல்யாணம் தை மாதம் என்று முடிவாயிற்று. மச்சான் கொடுத்த வாக்கு மறுநாளே போடி பஜார் முழுக்கப் பரவிவிட்டது. காபிக் கடையில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்: "என்னண்ணே, தோளுக்கு எண்ணெய் தேச்சு வச்சுட்டீகளா?"

தை என்பது மலையில் அறுவடை இன்னும் ஓயாத காலம். ஜீப்புகள் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறும், மாலையில் மூட்டைகளோடு இறங்கும். மலைப்பாதை வளைவுகளின் செம்மண் அத்தனையும் டயரோடு வந்து எங்கள் தெருவில் உதிரும். போதாததற்கு மச்சானின் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் புடைக்கும் தூசி வேறு. கிட்டங்கியின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுக் காரை நிறுத்தியிருந்தார் மச்சான். காலையில் துடைத்த காரின்மேல் மத்தியானம் ஒரு படலம் படிந்திருக்கும். பழுப்பு நிறம், மாவு மாதிரி நைசான படலம். மற்ற நிறக் கார்களில் அது கண்ணில் படாது. கறுப்பில் உடனே படும்.

கழுவினால் போயிற்று என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தெருக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். அதை ஊற்றிக் கழுவினால், காய்ந்த பிறகு காரெல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு விழும். நல்ல தண்ணீர் என்பது அக்கா ஐப்பசி மழையில் பிடித்து, அண்டாக்களில் மூடி வைத்திருந்த தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதால் அதைச் சமையலுக்கென்று வைத்திருந்தாள். காரும் பருப்பும் ஒரே அண்டாவுக்குப் போட்டி போட்டன.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ரெண்டு குடம். அம்புட்டுத்தான்," என்றாள் அக்கா. "நீங்களும் அன்னைக்குத்தானே தலைக்குக் குளிக்கிறீக. அதுவும் அன்னைக்கே குளிக்கட்டும்."

"நடுவுல தூசி விழுகுதே?"

"உங்க மேலயுந்தான் விழுகுது. தினமுமா குளிக்கிறீக?"

ஆக, இரண்டு குளியலுக்கு நடுவில் தூசியை எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி. பெயின்ட் அடித்தவர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: புதுப் பெயின்ட், எதைக் கொண்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள். எதைக் கொண்டு எப்படித் துடைப்பது என்று அவர் சொல்லவில்லை. மச்சானும் கேட்கவில்லை.

மச்சான் முதலில் மயிற்பீலிக் கட்டு ஒன்று வாங்கி வந்தார். அதை வீசினால் தூசி எழும்பும், கொட்டகைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு வந்து பழைய இடத்திலேயே உட்காரும். எழுந்த தூசியில் மச்சான்தான் தும்மினார். அதோடு இறகின் தண்டு பெயின்ட்டில் பட்டால் கீறும் என்று எனக்குத் தோன்றியது, சொன்னேன். அதைச் சாமி அறைக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு என் சைக்கிள் பம்பைக் கேட்டார். கைப்பிடி, விளக்கு வளையம், கண்ணாடி ரப்பர் ஆகியவற்றின் இடுக்குத் தூசிக்கு அது அருமையாக வேலை செய்தது. கார் முழுவதற்கும் அடிப்பதென்றால் என் தோள்தான் முதலில் இற்றுப்போகும்.

இப்படி இருக்கையில் மச்சான் ஒரு நாள் மலைக்குப் போனார். அன்றுதான் அந்தத் தவறு நடந்தது. வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தவறு நடந்திருக்காது.

ஏலக்காயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பறித்த காயைச் சூட்டறையில் உலர்த்துவார்கள். வெளியே எடுத்ததும், சூடு ஆறுவதற்குள், சாக்கின்மேல் கொட்டிக் கையால் வட்டமாகத் தேய்ப்பார்கள். நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவும் காம்பும் உதிரும். காயும் பளபளப்பு ஏறி வரும். போடியில் எல்லாருக்கும் கையில் பழகிய வேலை அது. தேய்த்தால் மின்னும். ஊரின் பிழைப்பே அதில்தான் நிற்கிறது.

கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கும் பெண்கள் கல்யாணப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். மச்சானின் வாக்கு அவர்களுக்கும் தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அவர்களுக்குள் பேசி, முதல் தரக் காய்க்கென்றே வைத்திருந்த சாக்கை எடுத்தார்கள். சாதாரணச் சாக்கு அல்ல. பல வருஷம் கைபட்டு, ஏலக்காயின் எண்ணெய் ஊறி, பட்டுப்போல் ஆகிவிட்ட சாக்கு. அவர்களிடம் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான். அதைக் கொண்டு காரின் பின்பக்கப் பெட்டி மூடியை வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட்டார்கள். மூடி முடிந்தபோது லாரியில் லோடு வந்ததால் மற்ற இடங்கள் தப்பின.

மாலையில் இறங்கி வந்த மச்சானுக்கு முதலில் வாசனைதான் எட்டியது. கொட்டகை இருட்டில் மூடி பளிச்சென்று இருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"காஞ்ச காயே எங்க கையில கண்ணாடியா மின்னுது. இந்தத் தகரம் மின்னாதா அப்பு?" என்றாள் அவர்களில் மூத்தவள்.

மறுநாள் காலை காரை வெயிலுக்கு எடுத்தபோதுதான் தெரிந்தது. மூடி முழுவதும் மயிரிழைக் கீறல்கள், வட்டத்துக்குள் வட்டமாக, சிலந்தி வலையைப்போல. தலையை அசைத்தால் வலையும் கூடவே அசைந்தது. மச்சான் குனிந்து பார்த்தார். முகம் தெரிந்தது, ஆனால் சல்லடை வழியாகப் பார்ப்பதுபோல் தெரிந்தது.

நான் சாக்கை வாங்கி உதறிப் பார்த்தேன். சாக்கின்மேல் பழி போட முடியாது. அது உண்மையிலேயே மென்மையாக இருந்தது. கீறியது தூசி. நைசாகத் தெரிந்த அந்தப் படலத்துக்குள் மலைப்பாதையின் கல்துகள் இருந்தது. சாக்கு அதைப் பிடித்துக்கொண்டு, கை அதை அழுத்த, சுற்றிச் சுற்றி உழுதிருக்கிறது. எவ்வளவு நல்ல துணியானாலும் அழுத்தினால் இதுதான் நடந்திருக்கும்.

மச்சான் கிட்டங்கிக்குள் போனார். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நல்லாத்தான் மின்னுது ஆத்தா," என்று மட்டும் சொன்னார். "மத்த எடத்தை நாங்க பாத்துக்கிறோம்."

அக்காவிடம் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "தோள்ல தூக்க வேண்டியதுதான் போல."

"முதல்ல என்னைத் தூக்கிப் பாருங்க. மாப்பிள்ளை என்னைக் காட்டிலும் ரெண்டு பங்கு," என்றாள் அக்கா.

அவள்தான் வழி கண்டாள். போடியில் ஏலக்காய்க்கு அடுத்தபடியாக எங்கே பார்த்தாலும் கிடைப்பது இலவம்பஞ்சு. பழைய மல் துணி ஒன்றைப் பலமுறை துவைத்து, கஞ்சியெல்லாம் போக்கி, தையல் உள்பக்கம் வருமாறு பை தைத்து, பஞ்சைத் தளர்வாக அடைத்தாள். புறாக் குஞ்சு அளவுக்கு ஒரு பொட்டலம். பித்தானோ முடிச்சோ இல்லை. அந்தப் பஞ்சின்மேல் கையை ஊன்ற முடியாது. ஊன்றினால் அமுங்கிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும்.

"துணியோட கனம் போதும். உங்க கனத்தை வீட்டுல வச்சுட்டுப் போங்க," என்றாள்.

மச்சானுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறந்ததிலிருந்து ஏலக்காய் தேய்த்த கை. பொட்டலத்தைக் காரில் வைத்ததும் கை தானாக வட்டம் போடப் பார்க்கும். அக்கா பின்னால் நின்று "நேரா!" என்று அதட்டுவாள். ஒரே திசையில், நேராக, மேலிருந்து கீழே. ஒரு இழுப்பு முடிந்ததும் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழுப்பு ஏறியிருந்தால் காருக்கு அப்பால் கொண்டுபோய் உதறி, வேறு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எடுத்த இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது. வெயிலில் சுட்ட தகரத்தில் வைக்கக் கூடாது. தை மாதப் பனி இறங்கி ஈரமாயிருக்கும் காலையில் தொடவே கூடாது. பனியும் தூசியும் சேர்ந்தால் சேறு. அது உலரும்வரை காத்திருக்க வேண்டும். சக்கரத்தை ஒட்டிக் கீழ்ப்பகுதியில் மண் கட்டியாக அப்பியிருந்தால் அது பொட்டலத்தின் வேலை அல்ல. சனிக்கிழமைத் தண்ணீருக்கு விட்டுவிட வேண்டும். இவை எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் ஒரு சண்டைக்குப் பிறகு தெரிந்தது.

கல்யாணம் நெருங்கும்போது மச்சானின் கை கட்டுக்கு வந்துவிட்டது. அதன்பிறகு காரில் புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை. மூடியில் விழுந்த வலை மட்டும் அப்படியே இருந்தது.

மாப்பிள்ளை வரும் நாள் காலை. காரைப் பளபளவென்று ரயில் நிலைய வாசலில் நிறுத்தினார் மச்சான். பூச்சரம் சுற்ற வந்தவரை, நார் உரசும் என்று திருப்பி அனுப்பிவிட்டு, முன்கண்ணாடிக்குள்ளே மட்டும் ஒரு மாலை தொங்கவிட்டிருந்தார். மேளம் வந்துவிட்டது. அக்காவும் மற்றப் பெண்களும் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். கிட்டங்கிப் பெண்கள் புதுச்சேலையில் வந்திருந்தார்கள். பஜாரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை காரில் வருகிறாரா தோளில் வருகிறாரா என்று பார்க்காமல் கடையில் உட்கார யாருக்கும் மனமில்லை.

ரயிலுக்கான கைகாட்டி இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மச்சானின் தோட்டத்து ஆட்கள் இரண்டு ஜீப்புகளில் வந்தார்கள். ரயிலுக்கு முந்திவிட வேண்டும் என்ற வேகம். வளைத்து, காருக்குப் பக்கத்திலேயே சடக்கென்று பிரேக் போட்டார்கள். செம்மண் மேகமாக எழுந்தது. அது அடங்கியபோது கார் இருந்த இடத்தில், ஜவுளிக்கடைக்காரர் சொன்ன அதே மண் நிறத்தில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

மலையில் மலையாளமும் கலந்து பேசிப் பழகிய மேஸ்திரி குதித்து இறங்கினார். "சாரமில்ல, சாரமில்ல, பரவாயில்ல முதலாளி! ஒரு நிமிசம்!" என்று தோளில் கிடந்த துண்டை உருவினார். அவர் உருவியதும் ஜீப்பில் வந்த அத்தனை பேரும் உருவினார்கள். பஜார்க்காரர்களும் உருவினார்கள். கிட்டங்கிப் பெண்கள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார்கள். சுற்றிலும் ஏலக்காய் தேய்த்துப் பழகிய கைகள், ஒவ்வொன்றும் உதவ வேண்டும் என்ற பிரியத்தோடு காரை நோக்கி நீண்டன.

மச்சான் பட்டுச் சட்டையோடு காருக்கு முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்தார். "தொடாதீக! யாரும் தொடாதீக! அது ஏலக்காய் இல்லய்யா, தேய்க்கக் கூடாது! கையை எடுங்க, சாமிகளா!"

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மேளக்காரரும் குச்சியைத் தூக்கியபடி நின்றார்.

"மாப்ளே, பையைக் கொண்டா, வெரசா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பின்பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். மேற்கூரையில் தொடங்கினார். ஒரு இழுப்பு, உதறல், அடுத்த முகம். வேகமாகச் செய்ய முடியாத வேலை அது. வேகம் வந்தால் அழுத்தமும் வந்துவிடும். கைகாட்டி இறங்கியது. முன்பக்க மூடியும் பின்பக்க மூடியும் முடிந்தன. ரயில் ஊதியது. நிலைய வாசலைப் பார்த்த பக்கத்துக் கதவுகள் முடிந்தன. மச்சான் மறுபக்கக் கதவுகளுக்குச் சுற்றிப் போகத் திரும்பினார். அதற்குள் வாசலில் ஜவுளிக்கடைக்காரரின் மீசை தெரிந்தது.

மச்சான் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கும்பிட்டார். ஒரு கையால் எப்படிக் கும்பிட்டார் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்.

ஜவுளிக்கடைக்காரர் நேராகக் காரின் முன்னால் வந்து குனிந்தார். கறுப்பில் அவர் தலை முழு நிலாப்போல் தெரிந்தது. வலது மீசையை முறுக்கினார். இடது மீசையை முறுக்கினார்.

"பரவாயில்லையே தம்பி!" என்றார்.

கூட்டம் மூச்சு விட்டது. ஆனால் அவர் ஜவுளிக்காரர். துணியின் மறுபக்கத்தைப் பார்க்காமல் விடுகிறவர் அல்ல. மெல்லக் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நின்றார்.

"ஓகோ. இந்தப் பக்கம் போடி கலரா? பேரே எழுதலாம் போலிருக்கே." ஆள்காட்டி விரலை நீட்டி, தூசியில் எழுத்துப் போடக் கதவருகே கொண்டுபோனார்.

"தொடாதீக!"

கத்தியது மச்சான் அல்ல. அவர் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி கத்தினார், கிட்டங்கிப் பெண்கள் கத்தினார்கள், பஜார் கத்தியது, முறுக்குக் கூடைக்காரர்கூடக் கத்தினார். கால்மணி நேரத்துக்கு முன் துண்டை உருவியவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஜவுளிக்கடைக்காரரின் விரல் அந்தரத்தில் நின்றது.

"ஏன், ஷாக் அடிக்குமா?" என்றார் மெதுவாக.

"அழுத்துனா உள்ள இருக்கிற கல்லு கீறிப்புடும் மாமா," என்றார் மேஸ்திரி, நெடுநாள் தெரிந்தவர்போல.

"அதுக்குன்னு பதம் இருக்கு," என்றாள் கிட்டங்கியின் மூத்தவள். "தேய்க்கப்படாது. அங்க பின்னால பாருங்க, நாங்க தேச்சுத்தான் அப்படி ஆச்சு."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். ஜவுளிக்கடைக்காரர் பின்னால் போய், வெயிலில் சுடர்விட்ட அந்தச் சிலந்தி வலையைப் பார்த்தார். நன்றாக மோந்தும் பார்த்தார். "ஏலக்காய் வாசம் வருது!" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப தூசியை எப்படித்தான் எடுப்பீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. மச்சான் பொட்டலத்தை நீட்டினார். அவர் அதை வாங்கி, விரலிடுக்கில் துணியைத் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறியது, கடையில் உட்கார்ந்திருக்கும் முகம் வந்தது.

"நல்ல மல்லு. யாரு தைச்சது?"

"நாந்தான்," என்றாள் அக்கா, ஆரத்தித் தட்டோடு.

"தையலை உள்ள விட்டிருக்கே. கெட்டிக்காரி." அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றினார். பொட்டலத்தைக் கதவின் மேல் விளிம்பில் வைத்து, வாடிக்கையாளருக்கு முன்னால் பட்டுச்சேலையை விரித்துக் காட்டுகிற அதே வீச்சில், ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுவந்தார். கை பட்டதா படவில்லையா என்று தெரியவில்லை. பின்னால் கறுப்பு திறந்துகொண்டது. ஆயுள் முழுக்க மெல்லிய துணியைக் கசங்காமல் தொட்ட கை அது.

"உதறணும் மாமா!" என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

"தெரியுதுய்யா!" என்று உதறினார்.

மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். மேளக்காரர் தொடங்கலாமா என்று பார்த்தார். ஜவுளிக்கடைக்காரர் "இருப்பா, இன்னும் ஒரு கதவு இருக்கு," என்றார். முடித்ததும் பின்வாங்கி நின்று, அந்தப் பக்கத்திலும் இரண்டு மீசையையும் முறுக்கிப் பார்த்துக்கொண்டார்.

"ஏறுடா மாப்ளே," என்றார். "தம்பியோட தோளு தப்பிச்சுது."

மாப்பிள்ளை ஏறினார். மச்சான் ஓட்டினார். ஜவுளிக்கடைக்காரருக்கு முன் இருக்கையை ஒதுக்கியிருந்தோம், அவர் ஏறவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரோடு கூடவே நடந்தார். தெருவில் யாராவது மாப்பிள்ளையைப் பார்க்கக் கதவில் கைவைக்க வந்தால், "தொடாதீங்க, தொடாதீங்க!" என்று மதுரைக் குரலில் அதட்டினார். பஜார் முனை வருவதற்குள் அதுவும் "தொடாதீக!" என்று ஆகிவிட்டது.

நான் நான்கு வரிச் செய்தி அனுப்பினேன். போடியில் திருமணம், மாப்பிள்ளை கார் ஊர்வலம், திரளானோர் கலந்துகொண்டனர். அதிலும் ஒரு வரியை வெட்டிவிட்டார்கள்.

பொட்டலம் திரும்பி வரவில்லை. அது ஜவுளிக்கடைக்காரரோடு மதுரைக்குப் போய்விட்டது. கடையின் கண்ணாடி அலமாரிக்கு வைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அக்கா இன்னொரு மல் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். கொட்டகையில் நின்ற காரின்மேல் அதற்குள் ஒரு படலம் விழுந்திருந்தது.